மாமியார் காட்டாத பொந்து

ஜப்பானின் தென்கோடித் தீவு ஒன்றில் இருக்கும் அராகுச்சி ஊருக்கு முன்னால் கடல் வற்றினால் அரை மைல் அகலத்துக்குப் பவளப்பாறைத் தளம் வெளியே தெரியும். அந்தத் தளத்தில் எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய் குடியிருக்கும் பொந்துகள் நாற்பத்தொன்று ஹத்சுயேவுக்குத் தெரியும். எந்தப் பொந்து எத்தனை முழம் ஆழம், எதில் கொக்கிக் கம்பியை நேராக விடவேண்டும், எதில் வளைத்து விடவேண்டும், எதில் கணவாய்க்குப் பதில் பாம்பு போன்ற அஞ்சாளை மீன் இருந்து விரலைக் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தன் வீட்டுப் பானை சட்டி போல அத்துப்படி. பொந்துகளை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "அதோ அந்தப் பக்கம்தான்" என்று கடல் முழுவதையும் கையால் காட்டிவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம்.

பழைய சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் ஊரே கடலுக்கு இறங்கும். அன்று கடல்நீரில் கால் நனைக்காதவர்கள் ஆந்தையாகிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு, நடக்க முடியாதவர்களைக்கூடத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மாசிப்பத்திரித் தழையும் கருப்புச் சர்க்கரையும் சேர்த்து இடித்த பச்சைப் பிட்டுருண்டையை வாழையிலையில் கட்டிக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு முதலில் கரையேறும் கணவாயை மணலிலேயே வேகவைத்து, துண்டு போட்டு, ஊர் முழுக்கப் பங்கு வைப்பார்கள். பிடித்தவளுக்கு முதல் கிண்ணம். இருபத்து மூன்று வருஷமாக அந்த முதல் கிண்ணம் ஹத்சுயேவுக்குத்தான்.

இத்தனைக்கும் அவள் கடற்கரைக்காரி இல்லை. தீவின் நடுவில், மேட்டுக் கரும்புக்காட்டு ஊரில் பிறந்தவள். மினெதொஷிக்கு வாக்கப்பட்டு அராகுச்சிக்கு வந்தபோது அலைச் சத்தத்தில் தூக்கம் வராமல் பத்து நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தவள். மாமியார் நபெமாத்சு அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாமியார் முன்னால் போவாள், மருமகள் பின்னால் கூடையோடு போவாள், அவ்வளவுதான். மாமியார் எங்கே குனிகிறாள், எங்கே நண்டு ஓட்டைப் பார்த்து நிற்கிறாள் என்று பார்த்துப் பார்த்து ஹத்சுயே கற்றுக்கொண்டாள். கடைசி நாலு வருஷம் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பீத்துணி அலசியவளும் ஹத்சுயேதான். நபெமாத்சு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

நபெமாத்சுவின் மகள் தொமியோ, மினெதொஷியின் தங்கை, பதினெட்டு வயதில் கப்பலேறி கோபே நகரத்துக்குப் போனவள். செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் ஒட்டும் வேலை. அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷத்தில் இரண்டு தரம் வந்தாள். இரண்டு தரமும் கேக் டப்பாவோடு வந்து, மூன்றாம் நாள் அழுதுகொண்டே கப்பலேறினாள்.

1995 ஜனவரியில் நிலநடுக்கத்தில் கோபே நகரம் குலுங்கி விழுந்தது. தொமியோவின் வீடு எரிந்துபோனது. புருஷன் ஏற்கெனவே காலமாகியிருந்தான், பிள்ளையில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு பையோடு தீவுக்கு வந்து இறங்கினாள்.

துறையில் ஊரே நின்றது. கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹத்சுயேவும் அழுதாள். பொய்யழுகை இல்லை, உண்மையாகத்தான் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் மினெதொஷி, "கடல் பாத்த அறையை அவளுக்குக் குடுத்துடு" என்றான். அது ஹத்சுயே கடற்பாசி உலர்த்துகிற, தையல் மிஷின் போட்டிருக்கிற அறை. "அதுக்கென்ன" என்று அவளே மிஷினைத் தூக்கிச் சமையலறை மூலையில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து வாசலில் ஆள் வந்தபடி இருந்தார்கள். ஒருத்தி மெத்தை கொண்டுவந்தாள். ஒருத்தி சோறு வடிக்கும் குக்கர். ஒருத்தர் பன்றி விலா எலும்பு. கூட்டுறவுக் கடைக்காரர் கப்பல் வராமல் தட்டெல்லாம் காலியாகக் கிடந்த வாரத்தில்கூடக் கடைசி சோப்புக் கட்டியைத் தொமியோவுக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஹத்சுயே ஒவ்வொருவருக்கும் டீ ஊற்றினாள். நாலு வருஷம் கிழவியைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து இடுப்பு உடைந்தபோது இந்தப் படியில் யார் ஏறினார்கள் என்று மனசு கேட்டது. கேட்டதற்கு அவளே வெட்கப்பட்டாள். வீடு எரிந்து வந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதா? வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

சாமான்கள்கூடப் போகட்டும். மினெதொஷி சிரிக்க ஆரம்பித்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவன் அவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் இரண்டு கொட்டிலில் இருக்கும் ஆட்டோடு. அப்படிப்பட்டவன் சாப்பாட்டு மேஜையில் தங்கையோடு உட்கார்ந்து, சின்ன வயதில் வாத்தியார் தொப்பியை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்த கதையைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் பல் வரிசையில் பின்பக்கம் ஒன்று வெள்ளிப்பல் என்பதே ஹத்சுயேவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு கிகுமி கல்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி ஹத்சுயே, உங்க வீட்லயா சிரிப்புச் சத்தம்? நான் ஏதோ ரேடியோன்னு நெனச்சேன்."

"தங்கச்சி வந்திருக்கா, சிரிக்கிறாரு. அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. உன் மூஞ்சியும் கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்கும்."

மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் வந்தது. நல்ல வற்றம். காற்றில்லை. ஹத்சுயே எல்லோருக்கும் முன்னால் இறங்கி, தனக்கு மிகவும் ராசியான பொந்தில் கம்பியை விட்டாள். உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது. அவள் அவசரப்படவில்லை. கணவாய் தானாகவே கம்பியில் ஏறிச் சுற்றுகிறவரை பொறுத்திருந்து, கொக்கியைத் திருப்பி வெளியே எடுத்தாள். ஒன்றரைக் கிலோ இருக்கும். கூடையில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள். கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார்கள்.

கைதட்டல் பாதியில் நின்றது. எல்லோரும் அவளைத் தாண்டி வடக்கே பார்த்தார்கள்.

பாறைத்தளம் பிளந்து ஆழ்கடலுக்கு வழிவிடும் இடத்தைக் கடல்வாய் என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தொமியோ வந்துகொண்டிருந்தாள். தலையெல்லாம் ஈரம். அண்ணனுடைய பழைய ரப்பர் பூட்ஸ். தோளில் ஒரு கணவாய் கிடந்தது. அதன் கைகள் அவள் முழங்காலைத் தொட்டு ஆடின. நாலு கிலோவுக்குக் குறையாது. ஹத்சுயே அவளைவிட இருபது தப்படி முன்னாலேயே கரையேறிவிட்டாள். ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

"அம்மாடி! நபெமாத்சுவே எழுந்து வந்துட்டா!" என்று கத்தினார் ஊர்த்தலைவர் சகாரி. கூட்டம் தொமியோவைச் சுற்றிக்கொண்டது. தலைவர் முதல் கிண்ணத்தைத் தொமியோவிடம் நீட்டினார். அவள், "அய்யோ, அண்ணிதானே முதல்ல வந்தாங்க" என்றாள். அந்தப் பேச்சு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. விட்டுக்கொடுப்பதற்கும் அவளுக்கு மனசிருக்கிறது, பாருங்கள்!

"நீயே சாப்பிடு. நீதானே பாவம் எல்லாத்தையும் எழந்துட்டு வந்திருக்கே" என்றாள் ஹத்சுயே. சொன்னபிறகு தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தாள்.

வீடு திரும்பும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். "எங்க பிடிச்சே?"

"அதோ, அந்தப் பக்கம்தான் அண்ணி" என்று தொமியோ கடல் முழுவதையும் காட்டினாள்.

அன்றிலிருந்து ஹத்சுயேவுக்குச் சோறு இறங்கவில்லை. கடல்வாய்க்கு வடக்கே அவளுக்கு ஒரே ஒரு பொந்துதான் தெரியும், அதுவும் சிறியது. நாலு கிலோ கணவாய் அதில் நுழையவே நுழையாது. அப்படியென்றால் தனக்குத் தெரியாத பொந்து ஒன்று இருக்கிறது. மாமியார் தன் மகளுக்கு அதைக் காட்டியிருக்கிறாள். முப்பது வருஷம் பின்னால் கூடை சுமந்தவளுக்குக் காட்டவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அரம் வைத்துத் தேய்ப்பது போலிருந்தது.

அடுத்த பெரிய வற்றம் பௌர்ணமிக்கு. "எனக்கு முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா" என்று தொமியோவை அனுப்பிவிட்டு, ஹத்சுயே ஊருக்குப் பின்புறமாக மேட்டுப் பாதையில் ஏறினாள். கரும்பு வெட்டி முடிந்த வெறும் காடு. விளிம்பில் தாழம்புதர். அதற்குள் முள் கிழிக்கக் கிழிக்க நுழைந்து, குப்புறப்படுத்து, கீழே பார்த்தாள். ஐம்பத்தாறு வயதில் தாழம்புதருக்குள் படுத்து நாத்தனாரை வேவு பார்க்கிறோமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

தொமியோ கடல்வாயைத் தாண்டினாள். கறுப்பாக ஒரு பாறைத் திட்டு வந்தது. ஹத்சுயே ஆயிரம் தடவை மிதித்துத் தாண்டிய திட்டு. தொமியோ அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்தாள். தலையைத் தொங்கவிட்டு, கையை அடியில் விட்டாள். பொந்து மேலே இல்லை. பக்கவாட்டில், பாறையின் தாடைக்கு அடியில் இருந்தது!

அப்போதுதான் ஹத்சுயேவுக்கு நினைவு வந்தது. அந்த இடம் வந்ததும் மாமியார் எப்போதும், "நீ முன்னால போ. நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன்" என்பாள். பாவம், வயசாகிறது என்று நினைத்து ஹத்சுயே முன்னால் நடப்பாள். வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்தால் மாமியார் கூடையில் எப்போதும் ஒன்று அதிகமாக இருக்கும். முப்பது வருஷம் அவள் மூச்சு வாங்கவில்லை, கணவாய் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் கடல் நன்றாகவே வற்றியது. ஹத்சுயே யாரும் இறங்குவதற்கு முன் போனாள். சோற்றுப் பானை அளவுள்ள செத்த பவளக் கல்லைத் தண்ணீரில் உருட்டிக்கொண்டே போய், பொந்தின் வாயில் வைத்து, கம்பியால் நெம்பி, இடுக்கெல்லாம் சிறு கற்களை அடித்து இறுக்கினாள். அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதாவது இருந்தாலும் விரல் நுழையும் விரிசல் போதும் அதற்கு, தப்பித்துப் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் இனிப்பாக இருந்தது. வள்ளிக்கிழங்கு வடை சுட்டாள். வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள்.

"என்ன, காய்ச்சலா?" என்று மினெதொஷி நெற்றியில் கைவைத்துப் பார்த்தான்.

அமாவாசை வற்றத்துக்குப் போன தொமியோ வெறுங்கையோடு வந்தாள். இரண்டு முழங்கையும் தோல் உரிந்திருந்தது. காயத்தைக் கழுவினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணி, நாளைக்கு என்கூட வர்றீங்களா? ஒரு கல்லை நகத்தணும். ஒத்தை ஆளால முடியல."

ஹத்சுயே சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வரேன்" என்றாள். வேறென்ன சொல்வது?

மறுநாள் இருவரும் கறுப்புத் திட்டுக்குப் போனார்கள். தொமியோ படுத்துக்கொண்டு கம்பியைக் கொடுத்தாள். ஹத்சுயே முழங்கால் தண்ணீரில் நின்று நெம்பினாள். கல் அசையவில்லை. தான் இறுக்கியதைத் தானே சபித்துக்கொண்டு மறுபடி நெம்பினாள்.

"புயல்தான் தூக்கிப் போட்டிருக்கும், இல்ல அண்ணி?"

"ஆனிக்கு முன்னால ஏது புயல்?" வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

தொமியோ திரும்பிப் பார்த்தாள். "அதைத்தான் நானும் யோசிச்சேன். இவ்வளவு ஒழுங்கா, சந்துல எல்லாம் சின்னக் கல்லு வெச்சு அடிச்சிட்டுப் போற புயலை நான் பாத்ததே இல்ல."

ஹத்சுயே கம்பியைப் பாறைமேல் வீசினாள்.

"ஆமா, நான்தான் அடைச்சேன். என்ன செய்யப்போறே? ஊரைக் கூட்டப்போறியா? கூட்டு! முப்பது வருஷம் உங்க அம்மா பின்னால நாய் மாதிரி நடந்தேன். நாலு வருஷம் அவ மலஜலம் அள்ளினேன். நீ கேக் டப்பாவோட வந்துட்டுப் போனே. கடைசியில பொந்து உனக்கு. அறை உனக்கு. மெத்தை உனக்கு. அவரு சிரிப்புகூட உனக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?"

தொமியோ எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"எனக்கும்தான் பொறாமை அண்ணி. அம்மா சாகறப்போ கையைப் பிடிச்சிட்டு இருந்தது நீங்க. நான் பசை நாத்தத்துல செருப்பு ஒட்டிட்டு இருந்தேன். எப்பவாவது போன் பண்ணினா 'ஹத்சுயே வந்தாளா, ஹத்சுயே என்ன சொன்னா'ன்னு உங்க பேச்சுதான். அப்புறம் ஒண்ணு. இந்தப் பொந்தை அம்மா எனக்குக் காட்டல."

"பொய் சொல்லாதே."

"அண்ணன் காட்டினான். நான் வந்த பத்தாம் நாள். ராப்பகலா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேனே, அப்ப. 'இங்க ஒண்ணு இருக்கு, போய்ப் பிடி, இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிடும்'ன்னான்."

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. இருவரும் கரைக்கு நடந்தார்கள்.

மினெதொஷி கொட்டிலில் ஆட்டுக்கு ஆலிலை போட்டுக்கொண்டிருந்தான். ஹத்சுயே ஈரத்துணியோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"பொண்டாட்டிக்குச் சொல்லாத பொந்தைத் தங்கச்சிக்குச் சொன்னீங்களா?"

அவன் ஆட்டைப் பார்த்தான். ஆடு உதவவில்லை. "அம்மா சத்தியம் வாங்கிட்டா" என்றான்.

"என்ன சத்தியம்?"

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு. உன்னைப் பத்தி மட்டும்தான் வாங்கினா. தொமியோவைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"ஏன்? நான் என்ன பாவம் பண்ணினேன் உங்க அம்மாவுக்கு?"

அவன் இலைக்கட்டைக் கீழே வைத்தான். அவன் வாழ்நாளிலேயே பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "நீ வந்த மூணாவது வருஷமே அம்மாவைவிட அதிகமாப் பிடிக்க ஆரம்பிச்சுட்ட. மேட்டுக்காரி, நீச்சல் தெரியாதவ, எப்படிப் பிடிக்கிறா பாருன்னு ஊர் முழுக்க ஒரே பேச்சு. அம்மா வீட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுத்துக்குவா. 'எல்லாத்தையும் பாத்தே திருடிட்டா. இந்த ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்டா'ன்னு அழுவா. சாகற வரைக்கும் அவளுக்கு உன்மேல வயித்தெரிச்சல்."

ஹத்சுயேவின் துணியிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"வயித்தெரிச்சல்னு..."

"அதுக்கு முன்னால."

"அம்மாவைவிட நீ அதிகமாப் பிடிச்சேன்னு."

"அத்தையே சொன்னாங்களா? அவங்க வாயால?"

"அவ வாயால."

அன்று அவனை மூன்று தடவை சொல்ல வைத்தாள். மாமியார் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஜெயித்தவளின் சிரிப்பு. ஆனாலும் அன்று வெகு நாளைக்குப் பிறகு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, தொமியோவின் முழங்கையைப் பிடித்து இழுத்து மருந்து தடவினாள். "மெதுவா அண்ணி" என்று அவள் கத்தினாள். "பொறுத்துக்கோ" என்று இன்னும் அழுத்தித் தடவினாள்.

கல்லைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை. ஆவணிப் புயல் வந்து அந்தத் திட்டையே பெயர்த்துக் கடல்வாய்க்குள் தள்ளியது. இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஹத்சுயே தன் நாற்பத்தொன்றில் பதினைந்தைத் தொமியோவுக்குக் காட்டினாள். ஏன் பதினைந்து என்று கேட்டால், "போதும் அவளுக்கு" என்பாள். அடுத்த வருஷம் கடலிறங்கும் நாளில் முதலில் வந்தவள் ஹத்சுயே, தொமியோ இரண்டாவது. ஊர்த்தலைவரின் மீன் தராசில் வைத்துப் பார்த்தபோது ஹத்சுயேவுடையது இருநூறு கிராம் அதிகம். அந்த இருநூறு கிராமைப் பற்றி அவள் ஒரு மாதம் பேசினாள்.

மூன்றாவது வருஷம் தொமியோவுக்குக் கோபே நகரத்தில் குலுக்கலில் அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீடு விழுந்தது. "இங்க என்ன குறைச்சல் உனக்கு?" என்று ஹத்சுயே இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உலர்ந்த கணவாய், கருப்புச் சர்க்கரை, கடற்பாசி என்று கட்டிக் கட்டி மூன்று பெட்டி நிரப்பினாள்.

கப்பல் புறப்படும்போது துறையில் நிற்பவர்கள் வண்ணக் காகித நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். மறுமுனை கப்பலில் இருப்பவர்கள் கையில். கப்பல் நகர நகர நாடா நீண்டு, கடைசியில் அறும். தொமியோவின் இரண்டு கையிலும் ஏழெட்டு நாடாக்கள். ஹத்சுயே சிவப்பு நாடாவைப் பிடித்திருந்தாள். கிகுமி கையில் மஞ்சள். சங்கு ஊதியது. தொமியோ மேல்தளத்தில் நின்று அழுதுகொண்டே, "அண்ணி! அண்ணி!" என்று கத்தினாள். சிவப்பு நாடா விறைத்து, தண்ணீர்மேல் ஒரு வில் போல உயர்ந்து, பட்டென்று அறுந்தது. மஞ்சள் நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மினெதொஷியின் லாரியில் ஏறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹத்சுயே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஊர் எல்லை வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த கிகுமி ரெண்டு நாடாவை ஒட்டி வெச்சிருந்தா. நான் பாத்தேன். இல்லேன்னா எப்படி எனக்கப்புறம் அறும்?"

லாரி ஓட்டிக்கொண்டிருந்த மினெதொஷியின் வெள்ளிப்பல் தெரிந்தது.